மலையில் இந்த நோய் கிடையாது

கல்வராயன் மலையில் யாருக்கும் இந்த நோய் வராது என்பது மையம் திறப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. கட்டடம் மட்டும்தான் பாக்கி. கள்ளக்குறிச்சிக்கு வெளியே, சேலம் போகிற சாலையில், ஓடாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்ததும் அதுவும் முடிந்தது. வாசலில் 'உணவு, சூழல், எதிர்ப்பாற்றல் ஒத்திசைவு ஆய்வு மையம்' என்று பலகை வைத்தார்கள். அகலம் போதாமல் 'மையம்' மட்டும் இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தது. ஜனங்கள் அந்த இரண்டாவது வரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மணமேடையை இடிக்கவில்லை. இயக்குநர் இளஞ்செழியனின் மேசையை அதன்மேல் போட்டார்கள். அவரைப் பார்க்கப் போகிறவர்கள் கீழே நின்று அண்ணாந்துதான் பேச வேண்டும். 'மணமகள் அறை' என்ற எழுத்து அழியாத அறையில் ரத்தம் எடுத்தார்கள்.

மையத்தின் கொள்கை எளிமையானது. உடம்பைக் காக்க வேண்டிய செல்கள் சிலருக்கு உடம்பையே தாக்குகின்றன. மூட்டு, தோல், சிறுநீரகம் என்று அகப்பட்டதைக் கடிக்கின்றன. அவற்றை அடக்கிவைக்க வேறு செல்கள் இருக்கின்றன. நாம் தின்னும் நார்ச்சத்தைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று, அவை வெளியே விடுகிற பொருளால் அந்த அடக்கும் செல்கள் பெருகுகின்றன. உப்பும் புகையும் தூசியும் பூச்சிமருந்தும் ஜாஸ்தியானால் தாக்குகிற பக்கம் வலுக்கிறது. இதையெல்லாம் உலகத்தில் பலர் பல வருடம் ஆராய்ந்து, 'இருக்கலாம்', 'தொடர்பு தெரிகிறது', 'இன்னும் பார்க்க வேண்டும்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மையம் அதிலிருந்து 'இருக்கலாம்' என்பதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொண்டது.

அடுத்து ஒரு கோடு தேவைப்பட்டது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற இடத்தில் வனத்துறை செக்போஸ்ட் ஒன்று இருக்கிறது. அதையே கோடாக வைத்தார்கள். செக்போஸ்ட்டுக்கு மேலே இருப்பவர்கள் சாமையும் தினையும் தின்று சுத்தமான காற்றில் வாழ்பவர்கள். ஆகவே அவர்கள் ஆரோக்கியமானவர்கள். கீழே இருப்பவர்கள் அரிசி ஆலைத் தூசியிலும் கரும்புக்கு அடிக்கிற மருந்திலும் கிடந்து பரோட்டா தின்பவர்கள். ஆகவே அவர்களில் நோயாளிகள் உண்டு. மேலே உள்ளவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் எடுப்பார்கள். கீழே உள்ள நோயாளிகளுக்கு ரத்தமும் எடுத்து, இலவசமாக மாத்திரையும் கொடுப்பார்கள்.

எழில்மதி மேலே இருந்தாள். அவளுக்கு நோய் இருந்தது.

வெள்ளிமலை தாண்டி மேல்நொச்சிப்பட்டில் வீடு. முதலில் மூட்டு வீங்கியது. பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவப்பாகப் படர்ந்தது. தலைமுடி கொத்தாக வந்தது. புருஷன் பொன்னுரங்கம் அவளைச் சேலத்துக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு டாக்டர் இது லூபஸ், உடம்பே உடம்பைத் தாக்குகிற நோய் என்றார். கிட்னிவரை போயிருக்கிறது, மூத்திரத்தில் சத்து ஒழுகுகிறது, மாத்திரையை ஒரு நாள்கூட விடாதே, வெயிலில் நிற்காதே, மாத்திரையை விட்டால் கிட்னி போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார். நல்ல மனிதர். மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து சேலத்துக்கு இன்னொரு பஸ் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் ஊரிலேயே ஒரு மையம் திறந்திருக்கிறார்கள், இதே மாத்திரையை அங்கேயே இலவசமாக வாங்கிக்கொள்ளலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

அவர்கள் போனபோது மண்டபத்தில் நோயாளிகள் எழுந்து நின்று காலை உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். "என் செல்களே, நான் உங்களுக்கு அந்நியன் அல்ல. இது என் மூட்டு. இது என் தோல். இவற்றை விட்டுவிடுங்கள். இன்று நான் உப்பைக் குறைப்பேன்." கை மடங்காதவர்கள் கையை நெஞ்சில் வைக்க முடியாமல் தொங்கவிட்டுச் சொன்னார்கள். மணலூர்பேட்டையில் கரும்பு வெட்டுகிற குஞ்சம்மாள் உதட்டைக்கூட அசைக்கவில்லை. அவளுடைய விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நாய்க்குக்கூட சோறு போடுகிறவன் யாரென்று தெரிகிறது, இதுகளுக்குத் தெரியவில்லை, இதுகளிடம் போய்ப் பேசச் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றவளிடம் முணுமுணுத்தாள்.

பதிவு மேசையில் நவுஷாத் இருந்தான். கள்ளக்குறிச்சி பையன். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தான். பெயர், வயது எழுதிக்கொண்டு ஊரைக் கேட்டான்.

"மேல்நொச்சிப்பட்டுங்க. வெள்ளிமல தாண்டி."

நவுஷாத் பேனாவை வைத்தான். "மலையா? அப்ப அந்த வரிசங்க. ஆரோக்கியமானவங்க வரிச."

"இவளுக்குத்தாங்க ஒடம்பு முடியல."

"அது தெரியுது. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆனா நீங்க ஆரோக்கியமானவங்க. நான் இன்னா பண்றது?"

பொன்னுரங்கத்துக்கு அதிகாரிகளோடு பேசிப் பழக்கமில்லை. வருடத்தில் பாதி குடகுக்குப் போய் மிளகு பறிக்கிறவன். அங்கே மேஸ்திரி சொல்கிற மரத்தில் ஏறுவான். இங்கே சொன்ன வரிசையில் நின்றான். ஆரோக்கியமானவர்கள் வரிசையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. எழில்மதியிடம் ரத்தம் எடுத்து, ஒரு சாமை உருண்டை கொடுத்து, ஊழியர்கள் சேர்ந்து கைதட்டினார்கள். மாத்திரை எங்கே என்று பொன்னுரங்கம் கேட்டான். ஆரோக்கியமானவர்களுக்கு மாத்திரை கொடுப்பது மருத்துவ நெறிக்கு விரோதம் என்றார்கள்.

ரத்தத்தில்தான் நோய் தெரியுமே என்று அவன் மறுபடி நவுஷாதிடம் வந்தான். நவுஷாத் குரலைத் தாழ்த்தி விளக்கினான். மலைக்காரர்களின் ரத்தத்தை அவர்கள் டெஸ்ட் பண்ணுவதில்லை. ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். நன்றாக இருப்பது என்று ஏற்கெனவே தெரிந்த ரத்தத்தை எதற்கு டெஸ்ட் பண்ண வேண்டும்?

ஆனாலும் சேலத்துச் சீட்டு இருந்தது. அதைத் தூக்கிப் போட முடியவில்லை. உணவு ஆய்வாளர் சுபஸ்ரீயிடம் அனுப்பினார்கள். மலைப்பெண் ஒருத்திக்கு இது வந்திருக்கிறது என்றால் அவள் எங்கேயோ, எப்போதோ, தின்னக்கூடாததைத் தின்றிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பது சுபஸ்ரீயின் வேலை. திருட்டு விசாரணைக்கு உட்கார்த்துவதுபோல எழில்மதியை உட்கார்த்தினாள். கோபக்காரி இல்லை. அன்பாகத்தான் கேட்டாள். பிறந்ததிலிருந்து தின்றதையெல்லாம் சொல்லச் சொன்னாள்.

எழில்மதி உள்ளதைச் சொன்னாள். காலையில் ரேஷன் அரிசிச் சோறு. மதியம் அதுவே. ராத்திரி சோறு இல்லாவிட்டால் வெள்ளிமலையில் நூர் முகமது கடையில் வாங்குகிற நூடுல்ஸ்.

"சாமை?"

"வெளையுதுங்க. வித்துடுவோம்."

"எல்லாத்தையுமா?"

"சங்கராவரத்துலேந்து வண்டி வருதுங்க. நல்ல வெல. ஆஸ்பத்திரிக்காரங்க, பெரிய வூட்டுக்காரங்கல்லாம் வாங்கித் துன்றாங்களாம். எங்களுக்குக் கட்டுப்படி ஆவாதுங்க."

சுபஸ்ரீ, 'சாமை: வீட்டில் விளைகிறது' என்று எழுதிக்கொண்டாள். பிறகு வெளியூர் போனது பற்றி விசாரித்தாள். கல்யாணமான புதிதில் புருஷனோடு குடகுக்குப் போகும்போது சின்னசேலம் ரயிலடியில் காத்திருந்ததை எழில்மதி சொன்னாள். அங்கே என்ன தின்றாள் என்று சுபஸ்ரீ கேட்டாள். எழில்மதி கொஞ்சம் யோசித்து, பரோட்டா என்றாள். வாழ்க்கையில் அவளுக்கு நினைவிருந்த நல்ல சாப்பாடுகளில் அது ஒன்று. சுபஸ்ரீ நிம்மதியாக மூச்சுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். காரணம் கிடைத்துவிட்டது. ஒரு தடவைதானே, உடம்பு மறந்துவிடும், சாமை சாப்பிடுங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

சாமையை அவர்கள் சங்கராபுரம் வண்டிக்காரனிடம்தான் திரும்ப வாங்க வேண்டும். கேட்டார்கள். அவன் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் வந்துவிட்டார்கள்.

மாத்திரையை வெளியே வாங்கினான் பொன்னுரங்கம். ஒரு வாரத்து மாத்திரைக்கு இரண்டு பேருடைய ஒரு வாரக் கூலி போனது. இரண்டு பேரில் ஒருத்தி கூலிக்குப் போக முடியாமல் படுத்திருந்தாள். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் மையம் மலைக்கே வந்தது. சென்னையிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், ஆரோக்கியமான ஊரை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். மேல்நொச்சிப்பட்டில் பார்ப்பதற்குப் பாதிப் பேர் இல்லை, குடகில் இருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்து நிரப்பினார்கள். நூர் முகமதுவைக் கடைக்கு முன்னால் தார்ப்பாய் கட்டச் சொன்னார்கள். தொங்குகிற சிப்ஸ் சரங்கள் விருந்தினர் கண்ணில் படக்கூடாது. வருடக்கணக்காக இந்த ஜனத்துக்குச் சோறு போடுகிறவன் நான், என்னைக் கஞ்சா வியாபாரி மாதிரி ஒளித்துவைக்கிறார்கள் என்று அவர் பொன்னுரங்கத்திடம் அலுத்துக்கொண்டே கயிறு கட்டினார். விருந்தினர்களுக்குச் சாமைச் சோறு சங்கராபுரம் ஓட்டலிலிருந்து ஹாட்பாக்ஸில் வந்தது. ஊர்க்காரர்களுக்குத் தரவில்லை. அவர்கள்தான் தினம் தின்கிறார்களே.

எழில்மதியை முன்வரிசையில் முறத்தோடு நிறுத்தினார்கள். நிழலில் நின்றால் படம் நன்றாக வராது என்று வெயிலுக்கு நகர்த்தினார்கள். கன்னத்தின் சிவப்பு இன்னும் ஏறியது. விருந்தினரில் ஒரு அம்மா, இது என்ன முகத்தில் என்று கேட்டாள்.

"மலைவாழ் பெண்களுக்கு இயற்கையாக அமைந்த செம்மை" என்றார் இளஞ்செழியன். "கீழே இருப்பவர்கள் இதற்குத்தான் காசு கொடுத்துப் பூசிக்கொள்கிறார்கள்."

பிறகு ஒலிபெருக்கியில் பேசினார். மலை நமக்குப் பள்ளிக்கூடம் என்றார். இங்கே உள்ளவர்களின் செல்கள் படிக்காமலே ஒழுக்கம் கற்றவை என்றார். நோய் என்பது கீழிருந்து மேலே ஏறாது, அதற்கு அனுமதி இல்லை என்று சொல்லி, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். விருந்தினர்கள் தட்டினார்கள். ஊர்க்காரர்களும் தட்டினார்கள், சீக்கிரம் முடியட்டும் என்று.

அன்றைக்கே எழில்மதிக்குக் காய்ச்சல் வந்தது. ஜீப்பில் ஏறப்போன இளஞ்செழியனைப் பொன்னுரங்கம் மறித்தான். மறித்தான் என்பது பெரிய வார்த்தை. கதவுக்குப் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றான். சார், சேலம் டாக்டர் சொன்னார், கிட்னி போய்விடும் என்றார், மாத்திரை மட்டும் கொடுத்தால் போதும், ஊர் பேர் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டான்.

இளஞ்செழியன் பொறுமையான மனிதர். இறங்கி அவன் தோளில் கை வைத்துப் பேசினார். "தம்பி, உன் மனைவிக்கு நான் மாத்திரை கொடுத்தால் மலைக்கே நோய் வந்துவிட்டது என்று ஆகிவிடும். ஒரு பெண்ணுக்காக ஒரு மலையையே நோயாளி ஆக்கச் சொல்கிறாயா? உன் மண்ணைப் பற்றி நீயே இப்படி நினைக்கலாமா?"

பொன்னுரங்கம் மண்ணைப் பற்றி எதுவும் நினைத்திருக்கவில்லை. இருந்தும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வழி சொன்னவன் நவுஷாத்தான். ஜீப் கிளம்பும்போது பின்சீட்டிலிருந்து எட்டி, சாதாரணமாகச் சொன்னான். "அண்ணே, செக்போஸ்ட்டுக்குக் கீழ ஒரு வாசல் இருந்தா போதுண்ணே. வூடு எம்மாஞ்சின்னதா இருந்தா இன்னா, யாரும் அளக்க மாட்டாங்க."

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், ஒரு அரிசி ஆலையை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை கிடைத்தது. ஆலை ஓடும்போது உமிச்சாம்பல் வந்து சோற்றில் விழும். தட்டை மூடித் தின்ன வேண்டும். நோய்க்கு இதைவிட மோசமான இடத்தை மையமே தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்காது. ஆனால் அந்த அறைக்குப் போனதும் எழில்மதி நோயாளியானாள். நவுஷாத் எழுதிக்கொண்டான். மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரை வேலை செய்தது. அதற்குச் சாமை தெரியாது, செக்போஸ்ட் தெரியாது. மூட்டு வீக்கம் வடிந்தது. கன்னத்தில் சிவப்பு மங்கியது. மூத்திரத்தில் ஒழுகுவது குறைந்திருக்கிறது என்று மையத்தின் டெஸ்டிலேயே வந்தது. எழில்மதி மாதா மாதம் போய் உறுதிமொழி சொல்லி மாத்திரை வாங்கி வந்தாள். குஞ்சம்மாளோடு சிநேகமானாள். இருவரும் மணமகன் அறைக்கு வெளியே உட்கார்ந்து, ஊழியர்களுக்கு உள்ளே போகிற பஜ்ஜியின் வாசனையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நமக்கு உப்பைக் குறைத்து அந்த உப்பையெல்லாம் இவர்கள் தின்கிறார்கள் என்பாள் குஞ்சம்மாள். எழில்மதி சிரிப்பாள். சிரித்தால் உதடு வெடிக்காமல் இருந்த காலம் அது. பொன்னுரங்கம் அந்த ஆலையிலேயே மூட்டை தூக்கினான். இப்படியே இருந்தால் போதும் என்று நினைத்தான்.

அந்தச் சமயம் சுபஸ்ரீ பழைய தாள்களை அடுக்கினாள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. மலையில் இருந்தபோது இந்தப் பெண் ஆரோக்கியமானவர்கள் வரிசையில் நின்றிருக்கிறாள். கீழே குடிவந்ததும் நோயாளிகள் வரிசைக்கு வந்திருக்கிறாள். மேலே இருந்தபோது நோய் இல்லை. கீழே வந்தாள், நோய் வந்தது. உலகத்தில் யாருக்கும் கிடைக்காத ஆதாரம் கள்ளக்குறிச்சியில் கிடைத்துவிட்டது. அவள் தாள்களை எடுத்துக்கொண்டு மணமேடைக்கு ஓடினாள்.

மண்டபத்தில் விழா வைத்தார்கள். எழில்மதிக்குப் பொன்னாடை போர்த்தி மேடையில் உட்காரவைத்தார்கள். இளஞ்செழியன் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசினார். "இந்தச் சகோதரிக்கு நோய் வந்ததில் எங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று வார்த்தையால் சொல்ல முடியாது. பலர் எங்களைச் சந்தேகித்தார்கள். சான்று எங்கே என்று கேட்டார்கள். இதோ, உட்கார்ந்திருக்கிறது. இவருக்கு நோய் வராமல் இருந்திருந்தால் இந்த மையத்தின் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள்."

யோசித்துப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள்.

விழா முடிந்ததும் பொன்னுரங்கம் மேடைக்குக் கீழே போய் அண்ணாந்து நின்று சொன்னான். கீழே வருவதற்கு முன்னாலேயே இவளுக்கு நோய் இருந்தது சார். இதற்காகத்தான் கீழே வந்தோம்.

"அப்போது ஆரோக்கியமானவர்கள் வரிசையில் நின்றாரா, இல்லையா?"

"நின்னாங்க சார்."

"நீயும் கூட நின்றாயா?"

"நின்னேன் சார்."

"நாங்கள் யாராவது கையைப் பிடித்து இழுத்தோமா?"

பொன்னுரங்கம் இல்லை என்றான். உண்மைதான், யாரும் இழுக்கவில்லை.

ஆதாரத்தில் பாதிதான் ஆகியிருந்தது. மலையிலிருந்து இறங்கியதால் வந்த நோய் மலைக்கு ஏறினால் போக வேண்டும். அதைக் காட்டினால்தான் கணக்கு நேராகும். 'மண்ணுக்குத் திரும்புதல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எழில்மதியை மையத்தின் ஜீப்பில் மாலை போட்டு ஏற்றினார்கள். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் சுபஸ்ரீ கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டாள். ஜீப்பில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எழில்மதி குணமடையத் தொடங்கியிருந்தாள்.

மேல்நொச்சிப்பட்டில் இறக்கிவிடும்போது பொன்னுரங்கம் அந்த மாதத்து மாத்திரையைக் கேட்டான். சுபஸ்ரீ உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். மாத்திரையும் கொடுத்து மலையிலும் வைத்தால், குணமானது மாத்திரையாலா மலையாலா என்று எப்படித் தெரியும்? மாத்திரையை நிறுத்தினால்தான் சரியாகத் தெரியும். இதில் அவளுடைய நியாயத்தைக் குறை சொல்ல முடியாது. எந்த ஆய்விலும் அப்படித்தான் கேட்பார்கள்.

"சேலம் டாக்டர் ஒரு நாளுகூட வுடக்கூடாதுன்னாருங்க."

"அவர் நோயைப் பார்க்கிறார்" என்றாள் சுபஸ்ரீ. "நாங்க சூழலைப் பார்க்கிறோம்."

பொன்னுரங்கம் மறுநாளே கச்சிராயபாளையம் அறைக்குத் திரும்பப் பார்த்தான். அறையில் வேறு ஆட்கள் வந்திருந்தார்கள். வேறு அறை பிடித்துவிட்டு மையத்துக்குப் போனான். நவுஷாத் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினான். நோயாளி குணமானால் எழுத அவர்களிடம் இடம் இருக்கிறது. செத்தால் எழுதவும் இருக்கிறது. குணமானவருக்கு மறுபடி நோய் வந்தால் எழுத இடம் இல்லை. போய் இயக்குநரைப் பாருங்கள் என்றான். இயக்குநர் எழில்மதியைப் பற்றிப் பேச டெல்லி போயிருந்தார். பொன்னுரங்கம் புது அறையையும் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினான்.

மாத்திரைக்குக் காசு வேண்டும். மிளகு பறிக்கிற காலம் வந்தது. பொன்னுரங்கம் குடகுக்குப் போனான். முதல் சம்பளத்தில் வாங்கி, ஊருக்கு வருகிற ஒருத்தனிடம் கொடுத்தனுப்பினான். அவன் நேர்மையானவன், கொண்டுவந்து கொடுத்தான். அது பாதி மாதத்துக்குத்தான் வந்தது. எழில்மதி அதையும் பாதியாக உடைத்தாள்.

மையம் அவளைக் கைவிடவில்லை. சுபஸ்ரீ மாதா மாதம் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வந்தாள். முதல் மாதம் எழில்மதியின் எடை கூடியிருந்தது. அடுத்த மாதம் இன்னும் கூடியிருந்தது. ஒட்டிய கன்னம் நிரம்பியிருந்தது. கண்ணிமை தடித்து, முகம் வட்டமாக மினுமினுத்தது. காலைக் கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்தது, குழி நிரம்ப நேரமானது. கிட்னி வெளியே தள்ள முடியாத தண்ணீர் உடம்பு முழுக்க நின்றுகொண்டிருந்தது.

சுபஸ்ரீக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருடத்துக்கு முன் எலும்பாகப் பார்த்த பெண். செல்ஃபோனில் படம் எடுத்து மையத்துக்கு அனுப்பினாள். மலைக்காற்றில் எடை ஏற்றம் என்று அங்கே வரைபடம் போட்டார்கள். கோடு மலை மாதிரியே மேலே ஏறியது. எழில்மதி, மூச்சு முட்டுகிறது, படுக்க முடியவில்லை, உட்கார்ந்துதான் தூங்குகிறேன் என்றாள். சுபஸ்ரீ அதையும் எழுதிக்கொண்டாள்: 'சுறுசுறுப்பு கூடியுள்ளது, பகலில் படுப்பதில்லை.'

பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்து பொன்னுரங்கம் குடகிலிருந்து கிளம்பினான். அவன் வந்தபோது எழில்மதியை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு கணம், நன்றாகத்தான் இருக்கிறாள்போல என்று அவனும் நினைத்தான். பிறகு அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்தான்.

ஆம்புலன்ஸ் மலை ஏறி வந்தது. இறங்கும்போது செக்போஸ்ட்டில் கம்பத்தைத் தூக்கினார்கள், யாரும் நேரம் குறிக்கவில்லை. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருத்தர் காலை அமுக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். இளம் வயது. அவசரமாக இருந்தார், ஆனால் கடுமையாக இல்லை. ரத்தத்தின் முடிவு வந்ததும் பொன்னுரங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு கிட்னியும் ஏறக்குறைய முடிந்துவிட்டது, திரும்பி வருவதற்கு வாய்ப்பு கம்மி, இப்போதைக்கு மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும், இனிமேல் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அப்படித்தான் என்றார். பழைய சேலத்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு தெளிவா எழுதியிருக்காரே. மாத்திரையை ஏம்ப்பா நிறுத்தினீங்க?"

"கொணமாயிடுச்சின்னாங்க சார்."

"யாரு சொன்னது?"

பொன்னுரங்கம் எங்கே தொடங்குவது என்று யோசித்தான். டாக்டரை அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

எழில்மதியைச் சக்கர நாற்காலியில் வைத்து மெஷின் இருக்கிற பகுதிக்குத் தள்ளிப்போனார்கள். உள்ளே கட்டில்களில் ஆட்கள் படுத்திருக்க, சிவப்புக் குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசல் மேசையில் இருந்த நர்ஸ் கட்டில் ஒன்று காலியாகிறது என்று சொல்லிவிட்டு, பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள். பிறகு எந்த ஊர் என்று கேட்டாள்.

பொன்னுரங்கம் வாயைத் திறந்தான்.

எழில்மதி வீங்கிய கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. நர்ஸுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"சட்டுனு சொல்லிடாதய்யா. எந்த ஊர்க்காரங்களுக்கு வைத்தியம் பாக்கறாங்கன்னு மொதல்ல கேளு."